பனியில் நடந்தவர்கள் என்ன உடுத்தினார்கள்? நெப்போலியன் காலக் குளிர்காலப் போர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

1812-ஆம் ஆண்டு ரஷ்யப் படையெடுப்பைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. தளபதிகளைப் பற்றியும் வியூகங்களைப் பற்றியும் கேட்டவர்கள் குறைவு. சாதாரண வீரன் அந்தக் குளிரில் எதைப் போட்டுக்கொண்டு நடந்தான் என்று கேட்டவர்களே அதிகம். இம்முறை பகுதி முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே.

கேள்வி: நெப்போலியனின் வீரர்கள் கோடைக்கால உடையோடு ரஷ்யாவுக்குப் போனதால்தான் குளிரில் விறைத்துச் செத்தார்கள் என்று பள்ளிக் காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். அவ்வளவு பெரிய படை இவ்வளவு அலட்சியமாகவா கிளம்பியது?

பதில்: இது பாதிதான் உண்மை. 1812 ஜூன் 24 அன்று படை நீமன் ஆற்றைக் கடக்கத் தொடங்கியபோது கடுங்கோடை. எல்லையை ஒட்டி ஒரு பெரிய சண்டை நடக்கும், ஜார் அலெக்சாந்தர் சமாதானத்துக்கு இறங்கி வருவார், கோடை முடிவதற்குள் காரியம் முடிந்துவிடும் என்பது நெப்போலியனின் கணக்கு. ஆகவே பனிக்காலத்துக்கென்று தனியான உடை எதையும் படை கொண்டுபோகவில்லை என்பது சரி. ஆனால் வீரர்கள் மெல்லிய துணியில் போனார்கள் என்பது தவறு.

ஒரு பிரெஞ்சுக் காலாட்படை வீரனின் உடையை உள்ளிருந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவோம். உடம்பை ஒட்டி லினன் சட்டை; அதன்மேல் வெள்ளைக் கம்பளித் துணியாலான வெய்ஸ்ட்கோட்; அதன்மேல் நீலக் கம்பளிக் கோட். கீழே முழங்கால்வரை வரும் கம்பளிக் கால்சட்டை. வழிநடையின்போது அதை அழுக்காகாமல் காக்க அதன்மேல் தொளதொளவென்று ஒரு லினன் கால்சட்டை. கெண்டைக்காலைச் சுற்றி வரிசையாகப் பொத்தான் போட்டு மூடும் துணி உறை; அதில் குளிர்காலத்துக்கு உரியது கறுப்புக் கம்பளி. தலையில் ஃபெல்ட்டும் தோலும் கொண்டு செய்த ஷாகோ என்னும் உயரமான தொப்பி, மழையிலும் பனியிலும் அதைக் காக்க எண்ணெய்த்துணி உறை. எல்லாவற்றுக்கும் மேலே முழங்காலைத் தாண்டி இறங்கும் கம்பளி ஓவர்கோட். சாம்பல், பழுப்பு, மங்கலான மண்நிறம் என்று துணி கிடைத்தபடி கோட்டின் நிறமும் மாறும். பேரரசரின் சொந்தக் காவற்படையான கார்ட் படைக்கு மட்டும் நீலம். காலாட்படை முழுவதற்கும் இந்த ஓவர்கோட்டை அரசே தர வேண்டும் என்ற விதி 1806-இல்தான் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1805 டிசம்பர் 2 அன்று ஆஸ்டர்லிட்சில் வென்ற படைக்கு அப்படி ஒரு விதியே கிடையாது; அங்கே ஓவர்கோட் வைத்திருந்தவர்கள் வழியில் கைப்பற்றியதையோ தங்கள் படைப்பிரிவு தானே ஏற்பாடு செய்ததையோ போட்டிருந்தார்கள்.

மார்ஷல் தாவூவின் முதல் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும் படைப்பிரிவு) கிளம்பும்போது ஒவ்வொருவனின் முதுகுப்பையிலும் என்ன இருந்தது என்ற குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டு சட்டை, ஆணி அடித்த காலணி இரண்டு ஜோடி, அவற்றுக்கு மாற்று அடித்தோல் ஒரு ஜோடி, ஒரு லினன் கால்சட்டை, அரைக்கால் உறைகள், துலக்கும் பொருட்கள், காயத்துக்குக் கட்டும் துணியும் பஞ்சும், 60 தோட்டாக்கள். இவற்றோடு பிஸ்கட்டும் மாவும். தாவூ ஆணிக்கும் அடித்தோலுக்கும் கூடக் கணக்குப் பார்த்த மனிதர். அவருடைய படையை அலட்சியமாகக் கிளம்பிய படை என்று சொல்லவே முடியாது.

அப்படியானால் இல்லாதது எது? இந்தப் பட்டியலைத் திரும்பப் படித்தால் அது தானாகவே தெரியும். கையுறை இல்லை. காதுக்கு மறைப்பு இல்லை. பாதத்துக்குத் தடித்த கம்பளிக் காலுறை இல்லை. ஆட்டுத்தோலோ மென்மயிரோ எதிலும் இல்லை. உடம்பின் நடுப்பகுதியை மூடுவதற்குப் போதுமான கம்பளி இருந்தது; குளிர் முதலில் கடிக்கும் விரல், காது, மூக்கு, பாதம் ஆகியவை திறந்தே கிடந்தன. அது மட்டுமல்ல, அந்தக் கம்பளியே நவம்பரில் புதியதாக இல்லை. புரட்சிக் காலத்திலிருந்தே பிரெஞ்சுப் படைகள் கூடாரம் தூக்கிச் செல்வதை விட்டுவிட்டன; ஐந்து மாதம் வெட்டவெளியில் அதே ஓவர்கோட்டே பாயாகவும் போர்வையாகவும் இருந்தது. ஒவ்வோர் இரவும் நெருப்புக்கு மிக அருகில் படுத்ததில் அதன் ஓரங்கள் கருகி ஓட்டை விழுந்திருந்தன. மழையில் நனைந்த கம்பளி ஈயம்போல் கனக்கும். அது காய்வதற்குள் உறைந்துவிட்டால் பிறகு அது கோட்டாக இருப்பதில்லை, தகடாகிவிடுகிறது.

இதையெல்லாம் முன்கூட்டியே எடுத்துச் சொன்னவரும் உண்டு. பீட்டர்ஸ்பர்க்கில் தூதராக இருந்து அந்தக் குளிரை நேரில் அனுபவித்திருந்த கோலங்கூர், மாஸ்கோவில் இருந்தபோதே ஆட்டுத்தோல் அங்கி, மென்மயிர் வைத்த கையுறை, காதுமடல் வைத்த தொப்பி, கனத்த பூட்ஸ், பூட்ஸுக்குள் போடும் கதகதப்பான காலுறை, குதிரைக்குப் பனிலாடம் என்று ஒவ்வொன்றாகப் பேரரசரிடம் வலியுறுத்தினார். அந்த ஆண்டு அக்டோபர் தொடக்கம் இதமாக இருந்தது. பாரிஸுக்கு அருகிலுள்ள ஃபோன்டென்புளோவின் இலையுதிர்காலத்தைவிட இது நன்றாகவே இருக்கிறதே என்பது நெப்போலியனின் மனநிலை. அந்த இதமான நாட்கள் செய்த கேடு, பின்னால் வந்த பனி செய்த கேட்டுக்குக் குறைந்ததல்ல என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: பின்வாங்கும்போது வீரர்கள் பெண்களின் உடைகளை அணிந்திருந்தார்கள் என்று ஓரிடத்தில் படித்தேன். இது எதிரிகள் கேலிக்காகக் கட்டிவிட்ட கதையா?

பதில்: இல்லை, இது நடந்தது, அணிந்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் 14 அன்று படை நுழைந்ததற்குப் பின் மாஸ்கோ பற்றி எரிந்தது. எரியாத வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் கிடைத்ததையெல்லாம் வீரர்கள் வாரிக்கொண்டார்கள். அக்டோபர் 19 அன்று நகரை விட்டுக் கிளம்பியபோது பலருடைய மூட்டையில் பட்டும் வெள்ளியும் மென்மயிரும் இருந்தன.

கார்ட் படையின் சார்ஜென்ட் பூர்கோன் தன் முதுகுப்பையில் இருந்தவற்றை நினைவாக எழுதியிருக்கிறார். சர்க்கரை, கொஞ்சம் அரிசி, பிஸ்கட், அரைப் புட்டி மதுவோடு, பொன்னும் வெள்ளியும் இழைத்த சீனப் பட்டுப் பெண்ணாடை ஒன்றும், பெண்கள் குதிரையேறும்போது அணியும், பச்சை வெல்வெட் உள்துணி வைத்த பெரிய அங்கி ஒன்றும் அதில் இருந்தன. சட்டைக்கு மேல் அவர் போட்டிருந்தது மஞ்சள் பட்டில் உள்ளே பஞ்சு வைத்த ஒரு வெய்ஸ்ட்கோட்; ஒரு பெண்ணின் பாவாடையைப் பிரித்து அவரே தைத்துக்கொண்டது. தன் ஊரில் யாருக்காவது பரிசளிக்கலாம் என்று எடுத்த பொருளை மூன்று வாரத்தில் உயிர் காக்கும் உடையாக அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. பாதிரிமாரின் சரிகை அங்கி, தரைக் கம்பளம், குதிரைப் போர்வை, பதப்படுத்தாத பசுந்தோல் என்று கழுத்து நுழைய ஓர் ஓட்டை போட முடிந்த எதுவும் உடையானது.

இதில் யாரையும் பழிக்கத் தோன்றவில்லை. பஞ்சு வைத்த பட்டு காற்றைப் பிடித்து வைக்கும், எடையும் குறைவு; பூர்கோன் தைத்துக்கொண்டது விதிப்படியான எந்த உடையையும்விட அந்த நாட்டுக்குப் பொருத்தமானது. மென்மயிர் அங்கிகளுக்குத்தான் வேறொரு ஆபத்து இருந்தது. நெருப்பருகே படுத்தால் அவை சுருங்கிப் பொசுங்கின. அணிந்தவன் தூங்கும்போது பக்கத்தில் இருப்பவன் உருவிக்கொண்டான். விழுந்தவனின் உயிர் போவதற்கு முன்பே அவனுடைய கோட்டைக் கழற்றத் தொடங்கினார்கள் என்று ஒருவருக்கு மேற்பட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: கையுறை இல்லாதது அவ்வளவு பெரிய விஷயமா? கையைப் பைக்குள் விட்டுக்கொண்டால் போதாதா?

பதில்: துப்பாக்கியைத் தோளில் சுமப்பவன் எந்தக் கையைப் பைக்குள் விடுவான்? இரும்புக் குழாயை வெறுங்கையால் பிடித்தால் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு உரியும். துப்பாக்கியை எறிந்துவிட்டவர்களில் கோழைகள் மட்டுமல்ல, அதைப் பிடிக்கவே முடியாமல் போனவர்களும் இருந்தார்கள். அந்தத் துப்பாக்கியில் ஒரு முறை சுட வேண்டுமானால் காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். உணர்விழந்த விரல்களால் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது.

இன்னொரு விஷயத்தை மரியாதை கருதிப் பலரும் எழுதுவதில்லை. அந்தக் காலக் கால்சட்டையின் முன்பக்கம் பல பொத்தான்களால் பூட்டப்படும். கெட்டுப்போன உணவாலும் குதிரை இறைச்சியாலும் படையில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. மரத்துப்போன விரல்களால் பொத்தானைக் கழற்ற முடியவில்லை. கழற்றியவனால் திரும்பப் போட முடியவில்லை. திறந்த கால்சட்டையோடு அந்தக் காற்றில் நின்றவன் அதிக நேரம் பிழைப்பதில்லை. சிலர் கால்சட்டையின் பின்பக்கத்தைக் கத்தியால் கிழித்துவிட்டுக்கொண்டார்கள். ஒரு ஜோடி கம்பளிக் கையுறைக்கு அங்கே என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: ரஷ்ய வீரர்களுக்கு ஆட்டுத்தோல் அங்கி இருந்ததால் அவர்களுக்குப் பாதிப்பில்லை என்பது சரிதானே?

பதில்: ஆட்டுத்தோல் அங்கி இருந்தது என்பது பெருமளவு சரி, பாதிப்பில்லை என்பது சரியல்ல. மாஸ்கோவைக் கைவிட்ட பிறகு ரஷ்யத் தலைமைத் தளபதி குதூசோவ் தருதினோ முகாமில் படையைத் தேற்றிக்கொண்ட வாரங்களில் அரை நீள ஆட்டுத்தோல் அங்கிகளும் பூட்ஸும் திரட்டிப் படைக்கு அனுப்புமாறு சுற்றியுள்ள மாகாணங்களைக் கேட்டார். கோடையிலும் ரஷ்ய வீரன் தன் கம்பளி ஓவர்கோட்டைச் சுருட்டித் தோளுக்குக் குறுக்காகப் போட்டுக்கொண்டே நடந்தான். வாள்வீச்சிலிருந்தும் அது ஓரளவு காத்தது. குளிர்காலத்துக்கு அவனுடைய கால்சட்டை கம்பளி. கீழ்ப்பகுதியில் தோல் வைத்துத் தைத்தது. பூட்ஸுக்குள் அவன் காலுறை போடுவதில்லை. பாதத்தைச் சுற்றி ஒரு நீளத்துணியைக் கட்டிக்கொள்வான். ஈரமானால் அவிழ்த்து மறுமுனையைச் சுற்றிக்கொள்ளலாம், நெருப்பருகே ஒரு நொடியில் விரித்துக் காயவைக்கலாம். எளிய பொருள்தான், ஆனால் ஓட்டை விழுந்த காலுறையைவிடப் பல மடங்கு மேல்.

இவ்வளவு இருந்தும், தருதினோவிலிருந்து சுமார் 1 லட்சம் பேரோடு கிளம்பிய குதூசோவின் முதன்மைப் படை டிசம்பரில் வில்னாவை (இன்றைய வில்னியஸ்) அடைந்தபோது அதில் பாதிக்கும் குறைவானவர்களே அணியில் நின்றார்கள். பெரும்பாலானவர்கள் சாகவில்லை, வழிநெடுக மருத்துவமனைகளில் கிடந்தார்கள் என்பதுதான் வேறுபாடு. நல்ல உடை அணிந்தவனும் பனியில் தினமும் நடந்து வெளியில் உறங்கினால் நோயில் விழுவான். ஆனால் அவனுக்குப் பின்னால் ஒரு நாடும், அவன் படுக்க ஒரு கூரையும் இருந்தன.

இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சான்று. பின்வாங்கிவரும் படைக்குத் துணையாக வில்னாவிலிருந்து ஜெனரல் லுவாசோனின் டிவிஷன் டிசம்பர் தொடக்கத்தில் ஓஷ்மியானிக்கு அனுப்பப்பட்டது. மாஸ்கோவையே பார்க்காத, பட்டினி கிடக்காத, முழுச் சீருடை அணிந்த இளைஞர்கள். கிட்டத்தட்ட சண்டையே போடாமல் சில நாட்களுக்குள் அவர்களில் பெரும்பகுதியினர் குளிரில் அழிந்தார்கள். பேரரசருக்குக் காவலாக வந்த நேப்பிள்ஸ் குதிரைப்படையினரும் பகட்டான அலங்காரச் சீருடையிலேயே வந்து அதே கதிக்கு ஆளானார்கள். முழுமையான சீருடை மட்டும் காப்பாற்றாது என்பதற்கு இவர்களே சாட்சி.

கேள்வி: நெப்போலியன் மட்டும் கதகதப்பாக இருந்தாரா?

பதில்: மற்றவர்களோடு ஒப்பிட்டால், ஆம். வழக்கமான சாம்பல்நிற ஓவர்கோட்டை விட்டுவிட்டுப் பின்வாங்கும்போது அவர் போலந்துப் பாணியில் மென்மயிர் உள்ளே வைத்த பச்சை வெல்வெட் அங்கியையும் மென்மயிர்த் தொப்பியையும் அணிந்தார். டிசம்பர் 5 அன்று ஸ்மோர்கோனில் படையை விட்டுப் பாரிஸுக்குக் கிளம்பியபோது அவரோடு ஒரே வண்டியில் இருந்தவர் கோலங்கூர். பேரரசர் தடித்த கம்பளி உடுத்தி, மென்மயிர் பூட்ஸ் போட்ட கால்களைக் கரடித்தோல் பைக்குள் வைத்திருந்தும் குளிர் தாங்காமல் தவித்ததாகவும், தன் கரடித்தோலில் பாதியை அவர்மேல் போர்த்த வேண்டியிருந்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். மூச்சு உதட்டிலேயே உறைந்து, மூக்கின் கீழும் புருவத்திலும் இமைகளிலும் சிறு பனிக்குச்சிகளாகத் தொங்கியதாம். மூடிய வண்டிக்குள் கரடித்தோல் போர்த்திய பேரரசருக்கே இந்த நிலை என்றால், கருகிய ஓவர்கோட்டோடு வெளியே நடந்தவனின் நிலையை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: தகரப் பொத்தான்கள் குளிரில் பொடிந்து உதிர்ந்ததால் வீரர்களின் உடை திறந்துகொண்டது, அதனால்தான் படை அழிந்தது என்கிறார்களே. வேதியியல் வகுப்பிலும் இதைச் சொன்னார்கள்.

பதில்: வேதியியல் சரி, வரலாறு சரியில்லை. தகரம் என்று சொல்லப்படும் தூய வெள்ளீயம் 13.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மெல்ல மெல்லச் சாம்பல்நிறப் பொடியாக மாறக்கூடியது என்பது உண்மை. ஆனால் மாற்றம் தொடங்குவதற்கே நீண்ட காலம் பிடிக்கும். ஈயம், ஆன்டிமனி போன்றவை கலந்திருந்தால் இன்னும் தடைப்படும். சில வாரப் பனியில் கோட்டுப் பொத்தான்கள் எல்லாம் உதிர்வது நடக்கக்கூடியதல்ல. அதோடு, பிரெஞ்சு வரிசைக் காலாட்படையின் பொத்தான்கள் பித்தளையால் ஆனவை. இலகுக் காலாட்படையினருக்குத்தான் வெள்ளை உலோகப் பொத்தான்கள், அவையும் கலப்பு உலோகம். இரண்டு வகைகளும் இன்றும் மண்ணுக்கடியிலிருந்து படைப்பிரிவு எண் படிக்கும்படியாகவே கிடைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு பேரழிவுக்கு ஒரே ஒரு சின்னக் காரணம் கிடைத்தால் மனம் அதைப் பிடித்துக்கொள்கிறது. பொத்தான் கதை இவ்வளவு காலம் நீடிப்பதற்கு வேறு காரணம் இல்லை.

கேள்வி: குளிர்காலப் போரில் வீரனுக்கு எது மிக முக்கியம்? ஓவர்கோட்டா, தொப்பியா, காலணியா?

பதில்: காலணி. நெப்போலியனின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் பொருளும் அதுதான். அந்தக் காலப் படைக் காலணியில் இடது வலது என்ற வேறுபாடு கிடையாது. இரண்டும் ஒரே அச்சு. அடித்தோலில் ஆணிகள் வரிசையாக அடித்திருப்பார்கள். கற்சாலையில் அந்த ஆணி தோலைக் காக்கும். உறைந்த தரையில் வழுக்கும், குளிரை நேராக உள்ளங்காலுக்குக் கடத்தும். கணுக்காலுக்குக் கீழே முடிந்துவிடும் தாழ்வான காலணி என்பதால் கால் உறை கிழிந்ததும் பனி உள்ளே புகுந்துவிடும்.

1806 டிசம்பரில் போலந்தில், புல்துஸ்க் சண்டைக்கு முன்னும் பின்னும், சேறு காலணியை உருவிக்கொண்டுவிடுகிறது என்று கார்ட் படையினரே கணுக்காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் காலைக் கையால் பிடித்து இழுத்து வைத்து நடந்தார்கள். 1808 டிசம்பரின் கடைசியிலும் 1809 ஜனவரியிலும் சர் ஜான் மூரின் பிரிட்டிஷ் படை ஸ்பெயினின் வடமேற்கு மலைகளைக் கடந்து கொருன்னாவுக்குப் பின்வாங்கியபோது, அவர்களிடம் சாம்பல்நிற நல்ல ஓவர்கோட் இருந்தது. காலணிதான் தேய்ந்து பிய்ந்து போயிற்று. வெறுங்காலோடு பனியில் நடந்தவர்களின் இரத்தத் தடத்தைப் பலர் குறித்திருக்கிறார்கள். 1812-இல் காலணி போனவர்கள் கந்தல் துணி, தொப்பியின் ஃபெல்ட், ஆட்டுத்தோல் துண்டு, வைக்கோல், கையில் அகப்பட்ட எதையும் பாதத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். உண்மையில் இறுகலான காலணியைவிட அந்தத் தளர்ந்த சுற்று இரத்த ஓட்டத்துக்கு நல்லது. இரவில் காலணியைக் கழற்றியவன் காலையில் வீங்கிய பாதத்தில் அதை மாட்ட முடியாமல் போவதும் சுற்றிக் கட்டியவனுக்கு இல்லை.

குதிரையின் காலணியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் குதிரைகளுக்குப் பனிக்கேற்ற கூர்முனை லாடம் அடிக்கப்படவில்லை. பனிக்கட்டிச் சரிவில் ஏற முடியாமல் விழுந்தவை எழவில்லை. கோலங்கூர் தன் பொறுப்பில் இருந்த பேரரசரின் குதிரைகளுக்கு மட்டும் பனிலாடம் அடிக்க வைத்திருந்தார். குதிரை விழுந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் மாவும் மாற்றுக் காலணியும் சாலையிலேயே கிடக்கும். வில்னாவின் கிடங்குகளில் உணவும் உடையும் காலணியும் குவிந்திருந்தன. கட்டுக்குலைந்து வந்து சேர்ந்தவர்களுக்கு அவற்றை முறையாகப் பங்கிட ஆளில்லாமல், பெரும்பகுதி ரஷ்யர்கள் கையில் சிக்கியது.

கேள்வி: உறைந்த கைகால்களுக்கு அப்போதைய மருத்துவர்கள் என்ன செய்தார்கள்?

பதில்: தலைமை அறுவை மருத்துவர் லாரே தன் கோட்டுப் பொத்தான் துளையில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தப் பாதை முழுவதும் அளவு குறித்தவர். உறைந்த கையை நேராக நெருப்பில் காட்டியவர்களுக்குச் சதை அழுகல் வருவதை அவர் கூர்ந்து கவனித்து எழுதினார். அந்தக் கவனிப்பு மிகச் சரியானது, உணர்விழந்த தோல் கருகுவதே தெரியாது. அதற்கு மாற்றாக உறைந்த இடத்தைப் பனியால் தேய்க்கச் சொன்னார், அது தவறு. தேய்ப்பது உள்ளே உள்ள திசுக்களைக் கிழித்து நிலையை இன்னும் மோசமாக்கும். மீண்டும் உறைய வாய்ப்பில்லாத இடத்துக்கு வந்த பின் 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்துவதே இன்றைய முறை. லாரேயின் பெயரால் பனித் தேய்ப்பு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. இப்போதும் அதைச் செய்பவர்கள் இருக்கக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: குளிர் எவ்வளவு இருந்தது?

பதில்: 1869-இல் வெளியான இந்தப் படையெடுப்பைக் காட்டும் மினாரின் புகழ்பெற்ற வரைபடம் டிசம்பர் 6-க்கு ரியோமூர் அளவில் மைனஸ் 30 காட்டுகிறது, செல்சியஸில் சுமார் மைனஸ் 37. ஆனால் குளிர் ஒரே சீராக இறங்கவில்லை. நவம்பர் கடைசியில் பனி இளகியதால்தான் பின்வாங்கும் படை கடக்க வேண்டியிருந்த பெரெசினா ஆறு உறையாமல், பாலம் கட்ட வேண்டி வந்தது. ஜெனரல் எப்லேயின் சுமார் 400 பாலப்படையினர் பனிக்கட்டிகள் மிதந்துவரும் நீரில் மார்பளவு இறங்கி நின்று இரண்டு பாலங்களைக் கட்டினார்கள். இந்தப் பகுதியில் நான் உடையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் அதைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். அவர்களில் மிகச் சிலரே பிழைத்தார்கள். எப்லேயும் டிசம்பர் 31 அன்று கோனிக்ஸ்பெர்க்கில் இறந்தார்.

கேள்வி: உடை காப்பாற்றியது என்பது புரிகிறது. உடையே கொன்றதும் உண்டா?

பதில்: மிக நல்ல கேள்வி; உண்டு. மாதக்கணக்கில் கழற்றாத, துவைக்காத கம்பளியின் தையல் மடிப்புகளில் சீலைப்பேன் பெருகும். அது டைபஸ் காய்ச்சலைப் பரப்பும். குளிர் அதிகமாக ஆக, ஒருவன்மேல் ஒருவன் நெருங்கிப் படுப்பார்கள். செத்தவனின் கோட்டை உயிரோடிருப்பவன் போடுவான். உடல் குளிர்ந்ததும் பேன் கதகதப்பான அடுத்த உடம்பைத் தேடும். கிடைத்த துணியையெல்லாம் மேலே போட்டுக்கொள்வது குளிருக்குச் சரியான வழி, நோய்க்குத் திறந்த வாசல்.

2001-இல் லிதுவேனியாவின் வில்னியஸில், அதாவது அன்றைய வில்னாவில், கட்டுமான வேலையின்போது ஒரு பெருங்குழி வெளிப்பட்டது. அதில் 3,000-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் இருந்தன. கோடையில் பிரெஞ்சுப் படையே தற்காப்புக்கு வெட்டிய அகழி, குளிர்காலத்தில் அவர்களுக்கே புதைகுழியாயிற்று. பொத்தான்களில் இருந்த எண்களைக் கொண்டு எந்தெந்தப் படைப்பிரிவினர் என்று அடையாளம் கண்டார்கள். 2006-இல் வெளியான ஆய்வில் அந்த மண்ணிலும் துணித் துணுக்குகளிலும் சீலைப்பேனின் எச்சங்கள் கிடைத்தன; 35 பேரின் பற்களைச் சோதித்ததில் 10 பேரிடம் பேன் பரப்பும் நோய்களின் மரபுத் தடயம் இருந்தது. சிலரிடம் டைபஸ், சிலரிடம் ட்ரெஞ்ச் காய்ச்சல். 2025-இல் வெளியான மற்றோர் ஆய்வு இதே குழியில் இருந்தவர்களிடம் பேன் பரப்பும் மீள்காய்ச்சலையும், அதோடு பாராடைபாய்டையும் கண்டது.

கேள்வி: பிரெஞ்சுப் படை ஒரு காலத்தில் வெள்ளை உடை அணிந்தது பனியில் மறைந்துகொள்ளத்தானா?

பதில்: இல்லை. கடல் வாணிகம் முடங்கி நீலச்சாயத்துக்கான அவுரி கிடைப்பது அரிதானதால் 1806-இல் சில படைப்பிரிவுகளுக்கு மட்டும் வெள்ளைக் கோட் கொடுத்துப் பார்த்தார்கள், 1807-இலேயே கைவிட்டார்கள். மறைந்துகொள்வது அந்தக் காலப் போர்முறையில் நோக்கமே அல்ல. 1807 பிப்ரவரி 8 அன்று ஐலாவ் களத்தில் முகத்தில் அறைந்த பனிப்புயலில் ஓஷெரோவின் கோர் வழிதவறி ரஷ்யப் பீரங்கிகளின் வாய்க்கு நேராகப் போய் நின்றது. அங்கே தேவைப்பட்டது ஒருவரை ஒருவர் அடையாளம் காண்பதுதான்.

கேள்வி: நான் ஓவியம் வரைபவன். பெரெசினாக் கரையில் பிரெஞ்சு வீரர்களை வரைய விரும்புகிறேன். எல்லோரையும் கந்தலில் வரைந்தால் சரியாக இருக்குமா?

பதில்: எல்லோரையும் அப்படி வரையாதீர்கள். நவம்பர் 26 முதல் 29 வரை அந்தக் கரையில் குறைந்தது மூன்று விதமான மனிதர்கள் இருந்தார்கள். மாஸ்கோவிலிருந்து நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் படைவரிசை கலைந்து, கம்பளமும் பெண்ணாடையும் போர்த்தி, தாடி வளர்ந்து, புகையில் கறுத்த முகத்தோடு இருந்தார்கள். ஷாகோவை எறிந்துவிட்டுத் தலையில் துணி சுற்றியிருந்தார்கள். கார்ட் படையின் மூத்த பிரிவினர் எண்ணிக்கை குறைந்திருந்தாலும் கரடித்தோல் தொப்பியோடும் நீல ஓவர்கோட்டோடும் அணிவகுத்தே நடந்தார்கள். பத்து நாளுக்கு முன் கிராஸ்னியில் அவர்களை அருகில் பார்த்த ரஷ்யக் கொரில்லாத் தலைவர் தெனிஸ் தவிதோவ் அந்தக் குலையாத ஒழுங்கை வியந்து எழுதியிருக்கிறார். மூன்றாவதாக, மாஸ்கோவுக்கே போகாத உதினோ, விக்டர் ஆகியோரின் கோர்கள். அவர்கள் சீருடையோடும் முறையான ஓவர்கோட்டோடும் வந்து சேர்ந்து, எதிரே வந்த பேரரசரின் படையைக் கண்டு அதிர்ந்து போனார்கள். நவம்பர் 28 அன்று மேற்குக் கரையில் காட்டுக்குள் சண்டையிட்ட உதினோவின் கோரில் சுவிஸ் ரெஜிமெண்டுகள் நான்கு இருந்தன. அவர்களுடைய கோட்டின் நிறம் சிவப்பு. உங்கள் ஓவியத்தில் பனிக்கும் மரங்களுக்கும் இடையே அந்தச் சிவப்புக்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம், ஓவர்கோட்டின் முன்பக்கம் திறந்திருக்கும்படி வரைந்தால் போதும்.